வேலையில்லாத மாதம் யார் கணக்கில்?

ஒரே படிப்பும் ஒரே தொழிலும் உள்ள மூவரை எடுத்துக்கொள்வோம். மூவருக்கும் வேர் காரைக்காலை ஒட்டிய தலத்தெரு. ஒருவர் பாரிஸ் புறநகரில் இருக்கிறார், ஒருவர் லண்டன் பக்கம் குடிபோய்விட்டார், ஒருவர் ஊரிலேயே தங்கிவிட்டார். மூவரும் எந்த நிறுவனத்துக்கும் நிரந்தர ஊழியர் அல்ல. ஆறு மாதம், ஓராண்டு என்று மென்பொருள் திட்டங்களை எடுத்து, முடித்துக் கொடுத்து, பில் போட்டுப் பிழைக்கிறவர்கள். இவர்கள் கற்பனை மனிதர்கள்தான். ஆனால் இப்படிச் சிதறி வாழும் குடும்பங்கள் இந்த மண்ணில் உண்டு. அதற்கு வரலாறு காரணம்.

1739-இல் தஞ்சை மராட்டிய அரசிடமிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. 1956-இல் கையெழுத்தான ஒப்படைப்பு ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடப்புக்கு வந்தபோது, இங்கே பிறந்து வாழ்ந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பு தரப்பட்டது. எழுதிக் கொடுத்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிரான்சுக்குப் போனார்கள். பிரெக்சிட்டுக்கு முன், அதே பாஸ்போர்ட்டோடு பிரிட்டனுக்குக் குடிபெயர்ந்தவர்களும் உண்டு. ஆகவே ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூன்று நாட்டுத் தொழில் சட்டங்களுக்குள் வாழ்வது காரைக்காலில் வியப்புக்குரியதல்ல.

இந்த மூவருக்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. சொந்தமாக ஒரு நிறுவனத்தைப் பதிவு செய்து அதன் பெயரில் பில் போடுவதா, அல்லது இடையில் ஒரு சம்பள நிறுவனத்தை நிறுத்தி அதன் ஊழியராகக் கணக்கில் சேர்ந்துகொள்வதா? இரண்டாவது வகையைப் பிரிட்டனில் அம்ப்ரெல்லா கம்பெனி என்கிறார்கள். பிரான்சில் அதற்கு போர்த்தாஜ் சலாரியால் என்று பெயர். இந்தியாவில் தர்ட் பார்ட்டி பேரோல் என்ற பெயரில் நடக்கிறது. வேலை கொடுப்பவர் அந்த நிறுவனத்துக்குப் பணம் கட்டுவார். அது வரி, காப்பீடு, தன் கட்டணம் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு மீதியைச் சம்பளமாகத் தரும்.

ஆடிட்டரிடம் போகிற யாரும் முதலில் கேட்பது, எதில் வரி குறையும் என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை இரண்டாவதாகக் கேட்க வேண்டும் என்பது என் வாதம். ஒப்பந்தத் தொழிலில் பில் போடாத மாதம் கட்டாயம் வரும். திட்டம் நின்றுபோகும், உடம்பு முடியாமல் போகும், வீட்டில் ஒரு சாவு விழும், வயதாகும். அந்த மாதங்களின் செலவை யார் சுமப்பது என்பதை ஒவ்வொரு நாட்டுச் சட்டமும் ஒவ்வொரு விதமாகத் தீர்த்து வைத்திருக்கிறது. வரிக்கணக்கை மட்டும் பார்த்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது.

முதலில் ஒரு பொது உண்மை. சாதாரண வேலையில் முதலாளி கட்டும் காப்பீட்டுப் பங்கு சம்பளத்துக்கு மேலாக அவர் செலவில் போகிறது. இடைநிறுவன முறையில் அப்படி ஒரு மேல்பணம் கிடையாது. வேலை கொடுப்பவர் தருவது ஒரே தொகை. முதலாளி பங்கும் ஊழியர் பங்கும் இடைநிறுவனத்தின் கட்டணமும் அதிலிருந்தே போகின்றன. முதல் சம்பளச் சீட்டைப் பார்த்து, முதலாளியின் வரியையும் என் தலையில் கட்டிவிட்டார்களே என்று குமுறாதவர் குறைவு.

லண்டன் பக்கம் இருப்பவரை வைத்துக் கணக்கு போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 400 பவுண்டு, வாரத்துக்கு ஐந்து நாள், ஆக 2,000 பவுண்டு. அம்ப்ரெல்லா நிறுவனத்தின் கட்டணம் வாரத்துக்கு 20 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் முதல் முதலாளியின் தேசியக் காப்பீடு 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக ஏறியது. அது தொடங்கும் வரம்பும் ஆண்டுக்கு 5,000 பவுண்டாக, அதாவது வாரத்துக்கு 96 பவுண்டாக இறங்கியது. அதோடு தொழில் பயிற்சி வரி அரை சதவீதம். இவையெல்லாம் போனால் அவருடைய சம்பளம் என்று எழுதப்படுவது ஏறத்தாழ 1,727 பவுண்டு. அவருடைய சொந்த வருமான வரியும் காப்பீடும் ஓய்வூதியப் பங்கும் இனிமேல்தான் கழியும். விடுப்பு ஊதியமும் இந்த 1,727-க்குள்தான் அடங்கியிருக்கிறது. மேலாக வருவதல்ல. 273 பவுண்டு எங்கே போனது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால், பேரம் பேசும்போதே நாள்கூலியை உயர்த்திக் கேட்டிருக்கலாம். 2020 ஏப்ரல் 6 முதல், ஆளெடுக்கும் ஏஜென்சிகள் இந்தக் கழிவுகளையெல்லாம் காட்டும் விவரத்தாளை ஒப்பந்தத்துக்கு முன்பே தர வேண்டும் என்பது அங்கே சட்டம். அதை வாங்கிப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

இத்தனையும் பிடித்த பிறகு, வேலையில்லாத மாதத்தில் பிரிட்டன் என்ன தருகிறது? 2025-26-இல் சட்டப்படியான நோய்க்கால ஊதியம் வாரத்துக்கு 118.75 பவுண்டு. காப்பீட்டுப் பங்கை முறையாகக் கட்டியவருக்கு வேலையின்மைப் படி வாரத்துக்கு 92.05 பவுண்டு, அதுவும் அதிகபட்சம் 182 நாள். வாரம் 2,000 பவுண்டுக்கு வேலை செய்தவருக்கு இது வீட்டு வாடகைக்குக்கூடக் காணாது. அங்கே இடைநிறுவனத்தின் விலை அதிகம், அது தரும் பாதுகாப்போ குறைவு. அதனால்தான் பிரிட்டனின் ஒப்பந்தப் பணியாளர்கள் நெடுங்காலம் சொந்த லிமிடெட் கம்பெனியையே விரும்பினார்கள். சம்பளமாகக் கொஞ்சம், பங்காதாயமாக மீதி என்று எடுத்தால் தேசியக் காப்பீட்டில் பெரும் பகுதி மிச்சம்.

அந்த மிச்சத்தைத்தான் அரசு குறிவைத்தது. 2000 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள ஐஆர்35 விதிகள் ஒன்றைத்தான் கேட்கின்றன: நடுவில் உள்ள கம்பெனியை எடுத்துவிட்டுப் பார்த்தால் இந்த மனிதர் அந்த நிறுவனத்தின் ஊழியர் மாதிரி இருக்கிறாரா? இருந்தால் ஊழியருக்குரிய வரி. வேலையை எப்படிச் செய்வது என்று யார் சொல்கிறார், தனக்குப் பதில் வேறோர் ஆளை அனுப்ப முடியுமா, வேலை தரவும் செய்யவும் இருபுறமும் கடப்பாடு உண்டா என்பவை பார்க்கப்படும். தொடக்கத்தில் இதைத் தீர்மானிக்கும் பொறுப்பு பணியாளரிடமே இருந்தது. 2017-இல் அரசுத் துறைகளிலும் 2021-இல் நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களிலும் அந்தப் பொறுப்பு வேலை கொடுப்பவரிடம் போனது. தவறாகத் தீர்மானித்தால் வரி தன் தலையில் விழும் என்று அஞ்சிய பல பெரிய நிறுவனங்கள், லிமிடெட் கம்பெனியோடு வருகிறவர்களே வேண்டாம், அம்ப்ரெல்லா வழியாக வாருங்கள் என்று ஒரே கோடு போட்டுவிட்டன. எது நல்லது என்று பணியாளர் யோசிக்க வேண்டிய தேவையே அங்கெல்லாம் இல்லாமல் போயிற்று.

அப்படித் தள்ளப்பட்டவர்களில் சிலர் மோசமான இடைநிறுவனங்களிடம் சிக்கினார்கள். இந்தக் கதை 2021-க்கும் முந்தையது. கையில் 80, 90 சதவீதம் தருகிறோம் என்று சொல்லி, சம்பளத்தின் பெரும் பகுதியைக் கடன் என்று எழுதிக் கொடுத்த திட்டங்கள் இருந்தன. 2017-ஆம் ஆண்டுச் சட்டம், 2019 ஏப்ரல் 5-இல் நிலுவையாக இருந்த அந்தக் கடன்களையெல்லாம் வருமானம் என்று கருதி வரி போட்டது. திட்டத்தை விற்றவர்கள் போய்விட்டார்கள். பில் பணியாளர்களுக்கு வந்தது. அந்தச் சுமை தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. 2026 ஏப்ரல் முதல், அம்ப்ரெல்லா நிறுவனம் கட்டாமல் விட்ட சம்பள வரிக்கு ஏஜென்சியும், ஏஜென்சி இல்லாத இடத்தில் வேலை கொடுப்பவரும் கூட்டாகப் பொறுப்பு என்று விதி வந்திருக்கிறது. கால் நூற்றாண்டு தாமதம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கையில் வருவது வழக்கத்துக்கு மீறி அதிகமாக இருக்கும் என்று எந்த இடைநிறுவனம் சொன்னாலும் விலகி நிற்பதே சரி. பிடித்தே ஆக வேண்டிய வரியைப் பிடிக்காதவர் அதை யார் பெயரிலோ எழுதி வைக்கிறார் என்பதுதான் பொருள்.

பிரான்ஸ் இதை முற்றிலும் வேறு விதமாகக் கையாண்டது. காரைக்கால்காரர்கள் அதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

போர்த்தாஜ் முறை அங்கே சட்டத்துக்கு வெளியில்தான் வளர்ந்தது. 2008 ஜூன் 25-ஆம் தேதிச் சட்டம் முதன்முதலாக அதைத் தொழில் சட்டத் தொகுப்புக்குள் கொண்டுவந்தது, ஆனால் விவரங்களை முதலாளி அமைப்புகளும் தொழிற்சங்கங்களும் பேசித் தீர்க்கட்டும் என்று விட்டது. ஊழியர் உரிமைகளின் அடிப்படைகளை நாடாளுமன்றமே வகுக்க வேண்டும், இப்படிக் கைமாற்றிவிடக் கூடாது என்று அரசியலமைப்பு மன்றம் 2014 ஏப்ரலில் அதைத் தள்ளியது. அதன் பிறகே 2015 ஏப்ரல் 2-ஆம் தேதி அவசரச் சட்டமும், 2017 மார்ச் 22-இல் அந்தத் துறைக்கென்றே தனிக் கூட்டு ஒப்பந்தமும் வந்தன.

இந்தச் சட்டத்தின் பலம் யாரை உள்ளே விடுகிறது, யாரை விடுவதில்லை என்பதில்தான் இருக்கிறது. வாடிக்கையாளரைத் தானே தேடிக்கொள்ளவும், விலையைத் தானே பேசவும் வல்ல, தன் தொழிலில் தேர்ச்சியும் தன்னாட்சியும் உள்ளவர் மட்டுமே போர்த்தாஜில் சேரலாம். வீட்டு வேலை, குழந்தை பார்த்துக்கொள்ளுதல் போன்ற பணிகளுக்கு இது தடை. வேலைநிறுத்தம் செய்பவர்களுக்குப் பதிலாக ஆள் அனுப்பவும் தடை. வாடிக்கையாளர் தன் அன்றாட வேலைக்கு இப்படி ஆளெடுக்க முடியாது. தன்னிடம் இல்லாத திறன் தேவைப்படும்போதோ தற்காலிக வேலைக்கோதான் முடியும். ஒரே இடத்தில் 36 மாதத்துக்கு மேல் தொடர முடியாது. குறைந்தபட்சச் சம்பளமும் உண்டு. புதியவருக்குச் சமூகக் காப்பீட்டு உச்சவரம்பில் 70 சதவீதம், அனுபவம் உள்ளவருக்கு 75. 2025-இல் அந்த மாத உச்சவரம்பு 3,925 யூரோ. எனவே அந்த ஆண்டில் புதியவருக்கே மாதம் 2,747 யூரோவுக்குக் குறைவாகத் தர முடியாது. சம்பளம் கொடுக்காமல் நிறுவனம் மூழ்கிவிட்டால் ஈடுகட்ட முன்கூட்டியே நிதி உத்தரவாதமும் வைத்திருக்க வேண்டும். மலிவாக ஆள் பிடிக்க நினைப்பவருக்கு இந்த வாசல் அடைபட்டிருக்கிறது.

விலை கடுமைதான். நாளுக்கு 400 யூரோ வீதம் மாதம் 18 நாள் வேலை செய்து 7,200 யூரோவுக்குப் பில் போட்டால், கட்டணமும் இருபக்கக் காப்பீடும் போய் கைக்கு வருவது ஏறக்குறைய பாதி. அதே பணத்தைச் சாசு என்ற ஒற்றைப் பங்குதாரர் நிறுவனத்தில் வாங்கி, முதல் 42,500 யூரோ லாபத்துக்கு 15 சதவீதமும் மேலே 25 சதவீதமும் நிறுவன வரி கட்டி, மீதியைப் பங்காதாயமாக எடுத்தால் கைக்கு வருவது கூடும். 2018-இல் பங்காதாயத்துக்கு 30 சதவீத ஒற்றை வரி வந்த பிறகு இந்த வழி இன்னும் கவர்ச்சியானது. ஆனால் அந்தப் பங்காதாயத்தின் மேல் ஓய்வூதியக் கணக்கில் ஒரு காலாண்டுகூட ஏறாது. சாசுவின் தலைவர் சம்பளமே எடுத்தாலும் வேலையின்மைக் காப்பீடு அவருக்குக் கிடையாது. மைக்ரோ முறையில் பதிந்துகொள்வது இன்னும் எளிது. 2025 வரை சேவைத் தொழிலுக்கு 77,700 யூரோ வரம்பு, விற்றுமுதலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு காப்பீடு, கணக்குப் புத்தகம் பெரிதாக வேண்டாம். அங்கும் வேலையின்மைக் காப்பீடு இல்லை.

போர்த்தாஜில் அது உண்டு. 24 மாதத்தில் ஏறத்தாழ ஆறு மாதம் வேலை செய்திருந்தால், முந்தைய சம்பளத்தில் 57 சதவீதம் அளவுக்கு, 55 வயதுக்குக் கீழுள்ளவருக்கு அதிகபட்சம் 18 மாதம் கிடைக்கும். பிடிக்கப்பட்ட பாதியில் ஒரு பகுதி வேலையில்லாத மாதத்துக்காகச் சேர்த்து வைக்கப்படுகிறது என்று அதைப் பார்க்க வேண்டும். லண்டனில் இருப்பவரின் வாரம் 92 பவுண்டையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒரே முறைக்கு இரண்டு நாடுகள் எவ்வளவு வேறான பொருளைத் தருகின்றன என்பது தெரியும்.

இதில் ஒரு நுணுக்கத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். போர்த்தாஜ் நிறுவனத்தோடு காலவரையற்ற ஒப்பந்தம் போட்டுக்கொள்வதைப் பெருமையாக நினைப்பார்கள், வங்கியில் வீட்டுக் கடன் வாங்க அது உதவும் என்பதும் உண்மை. ஆனால் இரண்டு திட்டங்களுக்கு இடையில் வேலையில்லாத நாள்களுக்குச் சம்பளம் இல்லை என்று சட்டமே சொல்கிறது. ஒப்பந்தம் முடியாமல் தொடர்வதால் வேலையின்மைப் படியும் கேட்க முடியாது. அந்த இடைவெளிக்கென்று அடிப்படைச் சம்பளத்தில் 10 சதவீதத்தை ஒதுக்கி வைக்கிறார்கள், அதுவும் அவர் பணம்தான். திட்டத்தோடு முடியும் காலவரை ஒப்பந்தம் என்றால், வேலை முடிந்ததும் படிக்கு விண்ணப்பிக்கலாம். எவ்வளவு இடைவெளி வரும் என்று மதிப்பிடாமல் இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது இருட்டில் கால் வைப்பதுதான்.

இப்போது தலத்தெருவில் இருப்பவரிடம் வருவோம். இந்தியாவில் வசித்துக்கொண்டு பாரிஸ் நிறுவனத்துக்கு வேலை செய்கிறார் என்பதற்காகப் பிரெஞ்சுப் பாதுகாப்பு அவருக்கு எட்டாது. அவர் கையில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டே இருந்தாலும், உட்கார்ந்து வேலை செய்யும் இடம்தான் கணக்கு. ஆண்டில் 182 நாள் இங்கே இருந்தால் இந்திய வரிச் சட்டம்தான்.

இங்கே மூன்றாவது வழி ஒன்று திறந்திருக்கிறது, அதுவே மிகவும் லாபமானது. கம்பெனியும் வேண்டாம், பேரோலும் வேண்டாம், தனிநபராகவே பில் போடலாம். 44ஏடிஏ என்று ஆடிட்டர்கள் சொல்லும் அனுமான வருமான முறை அது. மருத்துவம், சட்டம், பொறியியல், கட்டடக்கலை, தொழில்நுட்ப ஆலோசனை முதலிய தொழில்களுக்கு உரியது. தகவல் தொழில்நுட்பமும் 2001-இல் அறிவிக்கப்பட்ட தொழில்களில் சேர்ந்தது. மொத்த வரவு 50 லட்சம் வரை, ரொக்கம் 5 சதவீதத்துக்கு மேல் போகாவிட்டால் 75 லட்சம் வரை, பாதியை வருமானமாகக் காட்டினால் போதும். கணக்குப் புத்தகமும் தணிக்கையும் வேண்டாம். புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரலில் நடப்புக்கு வந்தபோது பிரிவு எண் மாறியது, முறை தொடர்கிறது.

மாதம் 2 லட்சம், ஆண்டுக்கு 24 லட்சம் என்று வைப்போம். பாதி 12 லட்சம். 2025-26 முதல் புதிய வரித்திட்டத்தில் 12 லட்சம் வரை கழிவு போக வரியே இல்லை. அதே 24 லட்சம் பேரோல் நிறுவனத்தின் வழியாக வந்து, கட்டணமும் முதலாளி பங்கும் போக 23 லட்சம் சம்பளமாக எழுதப்பட்டால், 75,000 நிலைக்கழிவுக்குப் பின் வரி 2,66,500 ரூபாய். 

ஒற்றை நபர் கம்பெனி 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. 2021 ஏப்ரலில் அதன் மூலதன, விற்றுமுதல் வரம்புகள் நீக்கப்பட்டன, வெளிநாடுவாழ் இந்தியரும் தொடங்கலாம் என்றாயிற்று, வசிக்க வேண்டிய நாள் 182-இலிருந்து 120 ஆனது. காரைக்காலில் பதிவு செய்தால் புதுச்சேரிப் பதிவாளரின் கீழ் வரும். எல்லாம் இணையத்தில் நடப்பதால் அத்தனை தூரம் அலைய வேண்டியதில்லை. ஆனால் கம்பெனிக்கு அனுமான முறை கிடையாது. 22 சதவீதத் திட்டத்தில் போனாலும் மேல்வரியெல்லாம் சேர்த்து 25.17 சதவீதம். லாபத்தைப் பங்காதாயமாக எடுத்தால் மறுபடி உங்கள் பெயரில் வரி. வரவு ஒரு ரூபாயானாலும் தணிக்கை கட்டாயம். ஆண்டறிக்கையும் கணக்கறிக்கையும் தாமதமானால் படிவத்துக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய் அபராதம், அதற்கு உச்சவரம்பு இல்லை. மூன்றாண்டு தொடர்ந்து தாக்கல் செய்யாவிட்டால் ஐந்தாண்டுக்கு எந்தக் கம்பெனியிலும் இயக்குநராக இருக்க முடியாது. 2017-இல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்பெனிகள் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டபோது, பெயருக்குத் தொடங்கி மறந்துபோனவர்கள் பலர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார்கள்.

அப்படியானால் யாருக்குக் கம்பெனி? ஆள் வைத்து வேலை வாங்குபவருக்கு, 75 லட்சத்தைத் தாண்டுபவருக்கு, தனிநபரோடு ஒப்பந்தம் போடமாட்டோம் என்று சொல்லும் பெரிய வாடிக்கையாளர் உள்ளவருக்கு. கடன் கம்பெனியோடு நிற்கும், வீட்டைத் தொடாது என்ற நம்பிக்கையில் மட்டும் தொடங்குவது சரியல்ல. சின்னக் கம்பெனிக்குக் கடன் தரும் வங்கி இயக்குநரின் சொந்த உத்தரவாதத்தைக் கேட்காமல் விடுவதில்லை.

ஜிஎஸ்டி பற்றி ஒரு வார்த்தை. சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிய வேண்டும். வெளிநாட்டுக்குச் செய்யும் சேவை ஏற்றுமதி என்பதால், உறுதிமொழிப் படிவம் கொடுத்துவிட்டு வரியின்றிப் பில் போடலாம். சரக்கு விற்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டிய உள்ளூர் விஷயம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் சரக்குக்கு வரம்பு 40 லட்சம், புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் 20 லட்சம். நாகூரில் கடை வைத்தவருக்கு ஒரு கணக்கு, எல்லையைத் தாண்டி வாஞ்சூரில் வைத்தவருக்கு வேறு கணக்கு.

வரியில் இவ்வளவு மிச்சம் என்றால் தலத்தெருக்காரருக்குக் கேள்வியே இல்லையே என்று தோன்றும். இங்கேதான் வேலையில்லாத மாதம் வருகிறது. பேரோலில் இருந்தால் பிஎஃப், குழுக் காப்பீடு, சம்பளத்தோடு விடுப்பு, பணிக்கொடை கிடைக்கும். ஆனால் பிஎஃப் பங்கை 15,000 ரூபாய் உச்சவரம்பில் நிறுத்திவிட்டால் முதலாளி பங்கு ஆண்டுக்கு 21,600 ரூபாய்தான். பணிக்கொடைக்கு ஐந்தாண்டு வேண்டும் என்பதால் ஓராண்டு, ஈராண்டு ஒப்பந்தக்காரர்களுக்கு அது எட்டாக்கனியாகவே இருந்தது. 2025 நவம்பர் 21-இல் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் காலவரை ஒப்பந்தக்காரருக்கு ஓராண்டிலேயே அதைத் தரச் சொல்கின்றன, இது நல்ல மாற்றம். வேலையிழந்தால்? இஎஸ்ஐ திட்டத்தில் மட்டும் அதற்கு ஒரு படி உண்டு, சராசரிச் சம்பளத்தில் பாதி, 90 நாள் வரை. ஆனால் இஎஸ்ஐ மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர்களுக்குத்தான். 2 லட்சத்துக்குப் பில் போடுபவருக்குப் பேரோலும் வேலையில்லாத மாதத்தில் ஒன்றும் தராது.

எனவே இந்தியாவில் மிச்சமாகும் அந்த 2,66,500 ரூபாயைச் செலவுக்கு வந்த பணம் என்று நினைப்பது பெரும் பிழை. பிரான்சில் சட்டம் பிடித்துக்கொள்ளும் பணத்தை இங்கே தானே பிடித்துக்கொள்ள வேண்டும். ஆறு மாதச் செலவுக்கான வைப்புத்தொகை, குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு, டெர்ம் இன்சூரன்ஸ், பிபிஎஃப் அல்லது என்பிஎஸ். இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதே உண்மையான வருமானம். அப்படிக் கழித்தால் மாதம் 2 லட்சம் என்ற எண் ஒன்றரை லட்சம் சம்பள வேலைக்கு நெருக்கமாக வந்து நிற்பதைப் பலர் பார்ப்பார்கள். வாடிக்கையாளரிடம் விலை பேசும்போதும் அந்த எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் விலை பேசத் தெரிந்தவர்களுக்கு. தலத்தெருவிலிருந்து சற்றுத் தள்ளிப் போனால், இதே மூன்று தரப்பு அமைப்பு வேறு முகத்தோடு நிற்கிறது. வாஞ்சூரில் 2009 முதல் இயங்கும் துறைமுகம், 2023-இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்தது. நிரவியில் ஓஎன்ஜிசியின் காவிரிப் படுகை அலுவலகம். இத்தகைய பெரிய தொழிலிடங்களில் காவல், சுமை, துப்புரவு, பராமரிப்பு போன்ற வேலைகள் நாடெங்கும் காண்ட்ராக்டர் வழியாகவே நடக்கின்றன. பணம் தருபவர் ஒருவர், சம்பளச் சீட்டு தருபவர் இன்னொருவர், வேலை செய்பவர் மூன்றாமவர். அம்ப்ரெல்லா கம்பெனியின் அமைப்பு இதுவேதான். ஆனால் இந்தத் தொழிலாளி காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுக்கவில்லை, விலையும் பேசவில்லை. இடைத்தரகர் வழியாக உழைப்பை அனுப்புவது இந்தக் கடற்கரைக்குப் புதிதுமல்ல. 1861-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்த உடன்படிக்கைக்குப் பின், ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் கரீபியப் பிரெஞ்சுத் தீவுகளுக்குக் கூலிகளை ஏற்றி அனுப்பிய துறைமுகங்களில் காரைக்காலும் ஒன்று.

இந்திய நீதிமன்றங்கள் இந்தத் திரையை விலக்கிப் பார்க்க முயன்ற காலம் உண்டு. 1956-இல் தராங்கதரா கெமிக்கல் ஒர்க்ஸ் வழக்கில், உப்பளத்தில் தனித்தனிப் பாத்தி எடுத்து, எடைக்குக் கூலி வாங்கிய அகாரியாக்களும் தொழிலாளர்களே என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1978-இல் கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை பற்றிய ஹுசைன்பாய் வழக்கில், நீதிபதி கிருஷ்ணய்யர் இன்னும் ஒரு படி மேலே போனார். இடையில் எத்தனை காண்ட்ராக்டர் நின்றாலும், தொழிலாளியின் பிழைப்பு யார் தொழிலைச் சார்ந்திருக்கிறதோ அவரே உண்மையான முதலாளி என்றார். 1996-இல் ஏர் இந்தியா வழக்கில், ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டால் தொழிலாளர்கள் தாமாகவே முதன்மை நிறுவனத்தின் ஊழியராவார்கள் என்று தீர்ப்பானது. 2001 ஆகஸ்டில் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஸ்டீல் அத்தாரிட்டி வழக்கில் அதை மாற்றியது. ஒப்பந்தமே போலி என்று தொழில் தீர்ப்பாயத்தில் நிரூபித்தால்தான் வழி என்றாகிவிட்டது. தினக்கூலியை வைத்துக்கொண்டு அதை நிரூபிக்க எத்தனை ஆண்டு அலைய வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 20 பேரோ அதற்கு மேலோ வைத்திருக்கும் காண்ட்ராக்டரைப் பிடித்தது. புதிய தொகுப்பு அந்த எண்ணிக்கையை 50 ஆக்கியிருக்கிறது. காரைக்கால் மாதிரி இரண்டு லட்சம் மக்கள் உள்ள சின்ன மாவட்டத்தில் 30, 40 ஆள் வைத்து வேலை எடுக்கும் காண்ட்ராக்டர்கள் இதனால் உரிமம் வாங்காமலே தொழில் நடத்தலாம். காண்ட்ராக்டரிடம் நிரந்தரமாக இருந்து, சம்பள உயர்வும் சமூகப் பாதுகாப்பும் பெறுகிறவரை ஒப்பந்தத் தொழிலாளி என்ற வரையறையிலிருந்தே அந்தத் தொகுப்பு விலக்குகிறது. ஐடி பேரோல் நிறுவனங்களுக்கு இது பொருந்தும். ஆனால் அந்த உயர்வும் பாதுகாப்பும் எவ்வளவு இருந்தால் போதும் என்று குறைந்தபட்ச எண் எதுவும் எழுதப்படவில்லை.

பிரெஞ்சுச் சட்டம் இரண்டு வகை மனிதர்களையும் பிரித்துவிட்டது. விலை பேச முடிந்தவருக்கு மட்டும் இடைநிறுவனம், அதுவும் குறைந்தபட்சச் சம்பளத்தோடும் நிதி உத்தரவாதத்தோடும். பேச முடியாதவருக்கு அந்த வழி கிடையாது, வேலை வாங்குபவரோ, தனிச் சட்டத்தின் கீழ் இயங்கும் தற்காலிகப் பணி நிறுவனமோ நேரடியாக ஊழியராக வைத்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் மாதம் 2 லட்சத்துக்குப் பில் போடும் மென்பொருள்காரரும் துறைமுகத்தில் சுமை தூக்குபவரும் ஒரே காண்ட்ராக்டர் என்ற பெயரின் கீழ் நிற்கிறார்கள். முன்னவருக்கு வரிச் சட்டம் தாராளமாகக் கை கொடுக்கிறது. பின்னவருக்கு வேலையில்லாத மாதத்தில் இருப்பது இஎஸ்ஐ தரும் அந்த 90 நாள் அரைச்சம்பளம் மட்டும், அதுவும் காண்ட்ராக்டர் அவர் பெயரில் ஒழுங்காகப் பணம் கட்டியிருந்தால். அது கட்டப்பட்டதா என்று பார்த்து உறுதி செய்யும் கடமையை முதன்மை நிறுவனத்தின் மேல், மாதச் சம்பளத்தோடு சேர்த்து, அபராதத்தோடு வைப்பதிலிருந்துதான் இந்தியச் சட்டம் தன் திருத்தத்தைத் தொடங்க வேண்டும்.